வடக்கு உஸ்மான் சாலையில் ஒரு பெயர்ப்பலகை

போன மாதம் நண்பர் ஒருவருக்குத் துணையாக தி. நகர் வடக்கு உஸ்மான் சாலைக்குப் போயிருந்தேன். அவருக்கு ஒரு கடையில் வேலை. எனக்கு ஓய்வு பெற்றவர்களுக்கு இருக்கும் வழக்கமான வேலை, அதாவது ஒன்றும் இல்லை. காரியம் முடிந்து ஆட்டோவுக்காக நின்றபோது ரெப்கோ வங்கியின் தலைமை அலுவலகப் பலகை கண்ணில் பட்டது. நண்பர் கேட்டார்:

"ஏன் சார், முப்பது வருஷமா இந்தப் பேரைப் பார்த்துண்டு இருக்கேன். கோ-ன்னா கோஆபரேட்டிவ்னு தெரியும். ரெப்-ன்னா என்ன?"

"ரிபேட்ரியேட்ஸ். தாயகம் திரும்பியோர்."

"எங்கேயிருந்து திரும்பினா? எந்தத் தாயகத்துக்கு?"

ஆட்டோ வந்துவிட்டது. மயிலாப்பூர் வந்து சேர்வதற்குள் கால்வாசிகூடச் சொல்லி முடியவில்லை. மீதியை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

அவர் ஏன் அவ்வளவு ஆர்வமாகக் கேட்டார் என்பதற்கும் காரணம் உண்டு. நாங்கள் நாகேஸ்வர ராவ் பூங்காவில் காலையில் நடக்கும் கோஷ்டி. முன்பெல்லாம் பெஞ்சில் உட்கார்ந்தால் பிரஷர், சுகர் பேச்சு. இப்போது பிரையாரிட்டி டேட், விசா புல்லட்டின் பேச்சு. நண்பரின் மகன் அமெரிக்கா போய்ப் பதினாலு வருடம் ஆகிறது. வீடு வாங்கியாயிற்று. வரி கட்டுகிறான். பேரன் அங்கேயே பிறந்ததால் அமெரிக்கக் குடிமகன். ஆனால் மகனுக்கும் மருமகளுக்கும் இன்னும் கிரீன் கார்டு வரவில்லை. வேலை அடிப்படையில் அமெரிக்கா ஆண்டுக்குத் தருவது சுமார் 1,40,000 கார்டுகள். அதில் எந்த ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கும் பொதுவாக 7 சதவிகிதத்துக்கு மேல் கிடையாது. இந்தியாவில் பிறந்தவர்களின் வரிசை அதனால்தான் அவ்வளவு நீளம். நடுவில் வேலை போனால் அறுபது நாளுக்குள் வேறு வழி பார்க்க வேண்டும். நண்பர் வாரத்துக்கு ஒரு முறையாவது கேட்பார்: "இத்தனை வருஷம் ஒரு ஊர்ல இருந்தவனைப் போ-ன்னு சொல்ல முடியுமா சார்?"

சொல்ல முடியும். நம் மக்களிடமே சொல்லியிருக்கிறார்கள். ஐந்து தலைமுறை இருந்தவர்களிடம் சொல்லியிருக்கிறார்கள். அந்தக் கதைதான் ரெப்கோ என்ற பெயரில் இருக்கிறது.

1969இல் மத்திய அரசு தொடங்கி வைத்த கூட்டுறவு வங்கி இது. பர்மாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வந்தவர்களின் மறுவாழ்வுக்காக ஏற்பட்டது. இன்று யார் வேண்டுமானாலும் நகைக்கடன் வாங்கலாம், டெபாசிட் போடலாம். பர்மாக் கதை சென்னைவாசிகளுக்கு ஓரளவு தெரியும். 1962இல் நெ வின் ஆட்சியைப் பிடித்தார். 1964இல் கடைகள் தேசியமயமாயின. கையில் இருந்ததை விட்டுவிட்டுக் கப்பலேறி வந்தவர்களால்தான் கடற்கரை ரயில் நிலையம் எதிரே பர்மா பஜார் உண்டாயிற்று. இலங்கையிலிருந்து வந்தவர்களுக்கு அப்படி ஒரு பஜார் சென்னையில் இல்லை. அவர்கள் ரயிலில் நீலகிரிக்கும் வேறு மாவட்டங்களுக்கும் போய்விட்டார்கள். நம் கண்ணில் படவில்லை.

கதை 1820களில் தொடங்குகிறது. இலங்கை மலைகளில் ஆங்கிலேயர்கள் முதலில் காப்பி பயிரிட்டார்கள். காப்பிச் செடியில் நோய் விழுந்து 1870களில் அந்தத் தொழில் சரியத் தொடங்கியதும் தேயிலைக்கு மாறினார்கள். வேலைக்கு ஆள் நம் பக்கத்திலிருந்து போனது. திருச்சி, சேலம், மதுரை, ராமநாதபுரம், புதுக்கோட்டைச் சீமை. பஞ்சமும் கடனும் பிடித்துத் தள்ள, கங்காணி கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார். தொடக்க காலத்தில் மன்னாரில் இறங்கிக் காட்டு வழியாக மாத்தளை வரை நடந்துதான் போக வேண்டும். வழியில் காலராவில் செத்தவர்களுக்குக் கணக்கில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு முறை வந்தது: ஒவ்வொருவருக்கும் எண் பொறித்த ஒரு தகரத் துண்டு. எந்தத் தோட்டத்துக்குப் போகிற ஆள் என்று அந்தத் துண்டு சொல்லும். பிறகு மண்டபத்தில் இலங்கை அரசே ஒரு முகாம் நடத்தியது. நோய் இல்லை என்று பார்த்துத்தான் கப்பலில் ஏற்றுவார்கள். இந்த மண்டபம் முகாமை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இன்னும் இரண்டு முறை வரும்.

இப்படிப் போனவர்கள் அங்கே லயங்களில் குடியேறினார்கள். பத்துக்குப் பத்து அறை, வரிசையாக. பிள்ளைகள் அங்கே பிறந்தன, அங்கேயே கொழுந்து பறித்தன, அங்கேயே புதைக்கப்பட்டன. இவர்கள் அந்த நாட்டின் நிரந்தரவாசிகளா, வந்து போகிறவர்களா?

இந்தக் கேள்வி சட்டத்தில் ஏறியது 1931இல். டொனமூர் அரசியல் சட்டம் இலங்கையில் எல்லா ஆண்களுக்கும் பெண்களுக்கும் வாக்குரிமை தந்தது. ஆசியாவிலேயே அது புதுமை. ஆனால் இந்தியத் தொழிலாளர்களுக்கு மட்டும் ஒரு நிபந்தனை. அங்கேயே நிலைத்துவிட்டதை நிரூபிக்க வேண்டும். அல்லது ஐந்து வருடம் வசித்ததையும், இனி இங்கேயே இருக்கப் போவதையும் சொல்லி 'நிரந்தரக் குடியேற்றச் சான்றிதழ்' வாங்க வேண்டும். அந்தச் சான்றிதழை வாங்கினால் இந்தியத் தொழிலாளர் என்ற முறையில் சட்டம் தந்த சில பாதுகாப்புகளை விட்டுக்கொடுக்க வேண்டும். இன்றைய கிரீன் கார்டுக்கு ஒரு பழைய சொந்தக்காரர் என்று சொல்லலாம். ஒரு கையில் கொடுத்து மறு கையில் வாங்கிக்கொள்ளும் பழக்கமும் அன்றே இருந்திருக்கிறது.

அடுத்தது 1939. இலங்கை அரசு தன் துறைகளில் தினக்கூலியாக இருந்த இந்தியர்களை வெளியேற்றத் தொடங்கியது. பதிலுக்கு இந்திய அரசு ஆகஸ்ட் 1 முதல் கூலித் தொழிலாளர் யாரும் இலங்கைக்குப் போகக் கூடாது என்று தடை விதித்தது. இந்தத் தேதி முக்கியம். அதற்குப் பிறகு புதிதாகப் போகச் சட்டப்படி வழி கிடையாது. 1949இல் தோட்டங்களில் இருந்தவர்களில் பெரும்பாலோர் பத்து வருடத்துக்கு மேல் அங்கே இருந்தவர்கள், அல்லது அங்கேயே பிறந்தவர்கள். 1946 கணக்கெடுப்பில் அவர்கள் ஏறத்தாழ 7,80,000 பேர், இலங்கை மக்கள்தொகையில் 11.7 சதவிகிதம்.

1948 பிப்ரவரி 4 அன்று இலங்கை சுதந்திரம் பெற்றது. அதே ஆண்டில் குடியுரிமைச் சட்டம் வந்தது. அந்த நாட்டில் பிறந்தால் மட்டும் போதாது. தகப்பனாரும் அங்கே பிறந்திருக்க வேண்டும். இல்லையென்றால் தகப்பன்வழித் தாத்தாவும் கொள்ளுத்தாத்தாவும் பிறந்திருக்க வேண்டும். அதற்கு அத்தாட்சி காட்ட வேண்டும். லயத்தில் பிறந்த தாத்தாவின் பிறப்புச் சான்றிதழை யார் பத்திரப்படுத்தி வைத்திருப்பார்கள்? எனக்கே என் தகப்பனார் பிறந்த தேதி ஜாதகத்தைப் பார்த்துத்தான் தெரியும்.

1949இல் இன்னொரு சட்டம், இந்திய, பாகிஸ்தானியக் குடியிருப்பாளர் குடியுரிமைச் சட்டம். 1946 ஜனவரி 1க்கு முன்பு, மணமானவர் என்றால் ஏழு வருடம், மணமாகாதவர் என்றால் பத்து வருடம் இடைவிடாமல் வசித்திருக்க வேண்டும். ஒரு தடவை ஊருக்குப் போய்ப் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் தங்கியிருந்தால் அந்தத் தொடர்ச்சி அறுந்துவிடும். போதிய வருமானம் இருப்பதாகவும் காட்ட வேண்டும். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று துறையூருக்கோ முசிறிக்கோ வந்து, கருமாதி முடித்து, வயலைப் பங்கு பிரித்து, ஒன்றரை வருடம் கழித்துத் திரும்பிப் போனவர் கணக்கிலிருந்து விழுந்துவிட்டார். அதே ஆண்டு தேர்தல் சட்டத்தையும் திருத்தி, குடிமக்களுக்கு மட்டுமே வாக்கு என்றார்கள். 1947 தேர்தலில் தோட்டத் தொழிலாளர்களின் வாக்கில் பல உறுப்பினர்கள் நாடாளுமன்றம் போயிருந்தார்கள். 1952இல் ஒருவர்கூடப் போக முடியவில்லை.

வாக்காளர் பட்டியலிலிருந்து பெயர் நீக்கப்பட்ட கோடக்கன் பிள்ளை என்பவர் கேகாலையில் வழக்குத் தொடுத்தார். அது லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. யார் குடிமகன் என்று தீர்மானிப்பது ஒரு நாட்டின் உரிமை, இதில் எந்தச் சமூகத்துக்கும் எதிரான பாரபட்சம் இல்லை என்று 1953இல் தீர்ப்பாயிற்று. சட்டத்தின் வரியில் ஒரு சமூகத்தின் பெயரும் இல்லைதான். ஆனால் அது யார் வீட்டு வாசலில் போய் நின்றது என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. இந்த விவகாரத்தில் பொன்னம்பலத்தோடு முரண்பட்டுத்தான் செல்வநாயகம் விலகி 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சி தொடங்கினார்.

1951 ஆகஸ்டில் கெடு முடிந்தது. அதற்குள் சுமார் 2,37,000 விண்ணப்பங்கள் குவிந்தன. அவற்றில் அடங்கிய ஆட்கள் எட்டு லட்சத்துக்கு மேல். கிட்டத்தட்ட எல்லாரும் கேட்டது இலங்கைக் குடியுரிமை. வருடக்கணக்கில் விசாரித்து ஏற்றுக்கொள்ளப்பட்டவர்கள் சுமார் 1,34,000 பேர் மட்டும்.

மீதிப் பேர்? இலங்கை சொன்னது: அவர்கள் இந்தியர்கள். நேரு சொன்னது: அவர்கள் இலங்கையில் வாழ்கிறவர்கள், விரும்பி வந்து பதிவு செய்கிறவர்களை மட்டும் ஏற்போம். நம் அரசியல் சட்டத்தின் 8ஆவது பிரிவில் வெளிநாட்டில் வாழும் இந்திய வம்சாவளியினர் அங்குள்ள நம் தூதரகத்தில் பதிவு செய்துகொள்ள வழி உண்டு. பெரும்பாலோர் செய்துகொள்ளவில்லை. இலங்கையில் இருக்க விரும்புகிறவர் இந்தியராக ஏன் பதிவு செய்வார்? ஆக ஒன்பது லட்சம் பேருக்கு மேல் எந்த நாட்டுக்கும் சேராதவர்கள் ஆனார்கள். கொழும்புச் செய்தித்தாள்களில் அவர்களுக்கு 'நாடற்றவர்' என்று பெயர். தெருவில் 'கள்ளத்தோணி' என்று பெயர்.

1964 மே மாதம் நேரு காலமானார். சீனப் போருக்குப் பிறகு அண்டை நாடுகளோடு சுமுகமாக இருக்க வேண்டிய கட்டாயம் டெல்லிக்கு. அக்டோபர் 30 அன்று சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் டெல்லியில் கையெழுத்திட்டார்கள். மொத்தம் 9,75,000 பேர். அதில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம். 15 ஆண்டுகளில் முடிக்க வேண்டும். ஏழு பேர் இந்தியாவுக்குப் போனால் நாலு பேருக்கு இலங்கைக் குடியுரிமை. 1974இல் சிறிமாவோவும் இந்திரா காந்தியும் அந்த மீதியையும் ஆளுக்கு 75,000 என்று பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள்.

நான் சாஸ்திரியைப் பெரிதும் மதிக்கிறவன். எங்கள் தலைமுறையில் அவருக்காகத் திங்கட்கிழமை இரவுச் சாப்பாட்டை விட்டவர்கள் பலர். ஆனாலும் இந்த ஒப்பந்தத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு உறுத்துவது ஒன்று உண்டு. முதலில் எண்ணை முடிவு செய்தார்கள். ஆளைக் கேட்டது அதற்குப் பிறகு. விண்ணப்பங்கள் வாங்கி 1970 ஏப்ரல் 30 அன்று கணக்கை முடித்தபோது இந்தியாவுக்கு வரச் சம்மதித்தவர்கள் ஏறக்குறைய நாலு லட்சம். இலங்கையிலேயே இருக்கிறோம் என்று கேட்டவர்கள் ஆறு லட்சத்துக்கும் மேல். தாளில் எழுதிய எண்ணும் மனுஷர்களின் விருப்பமும் பொருந்தவில்லை. அதற்குப் பிறகு 1970களில் தோட்டங்களில் வந்த பட்டினியும், 1977 கலவரமும் பலரை விரட்டிச் சம்மதிக்க வைத்தன.

ஒப்பந்தம் கையெழுத்தாகி எட்டு வாரம் முடிவதற்குள், 1964 டிசம்பர் 22 இரவு புயல் வந்து தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோயிற்று. எழும்பூரில் போட் மெயில் ஏறி, தனுஷ்கோடியில் கப்பல் மாறி, தலைமன்னாரில் மறுபடி ரயில் ஏறிக் கொழும்பு போகும் பழைய வழி அத்தோடு போயிற்று. பிறகு கப்பல் ராமேஸ்வரத்துக்கு வந்தது. அந்தக் கப்பலில்தான் 'தாயகம் திரும்பியோர்' வந்தார்கள்.

அப்போதெல்லாம் சென்னையில் நமக்கு இலங்கை என்றால் இலங்கை வானொலி. மயில்வாகனன், கே.எஸ். ராஜா, அப்துல் ஹமீது குரல்களைக் கேட்டுக்கொண்டு வளர்ந்தோம். மலையில் இருந்தவர்களைப் பற்றி நமக்கு ஒன்றும் தெரியாது. எம்.ஜி.ஆர். 1917இல் பிறந்தது கண்டிக்கு அருகே நாவலப்பிட்டியில் என்று எல்லாருக்கும் தெரியும். தி. நகர் ஆற்காடு தெருவில் அவர் நினைவு இல்லத்தில் கூட்டம் கூட்டமாகப் போய்ப் பார்க்கிறார்கள். அதே மலையில் பிறந்த மற்ற லட்சக்கணக்கானவர்கள் என்ன ஆனார்கள் என்று நாம் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை, 1976 வரை.

அந்த வருடம் மே மாதம் அம்மாவை ராமேஸ்வரம் அழைத்துப் போயிருந்தேன். பாம்பனில் சாலைப் பாலம் வருவதற்குப் பன்னிரண்டு வருடம் முன்பு, ரயில் மட்டும்தான். திரும்பும்போது மண்டபம் முகாம் நிலையத்தில் நாலைந்து குடும்பங்கள் எங்கள் பெட்டியில் ஏறின. தகரப் பெட்டிகள், சுருட்டிய ஜமக்காளம், கண்ணாடி போட்ட கதிர்காமம் முருகன் படம் ஒன்று. ஒரு சின்னப் பையன் அந்த வெயிலில் கம்பளிச் சட்டை போட்டிருந்தான். பெட்டியில் வைக்க இடமில்லையாம். எதிரே உட்கார்ந்த பாட்டிக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். மகன் ஒரு அட்டையைக் காட்டி, இந்த ஊருக்கு எங்கே இறங்க வேண்டும் என்று என்னிடம் கேட்டார். கண்டியில் நம் தூதரக அலுவலகம் கொடுத்த குடும்ப அட்டை அது. குடும்பத்தில் இருந்த எல்லார் பெயரும், போய்ச் சேர வேண்டிய இடமும் எழுதியிருந்தது. துறையூர் பக்கம் ஒரு கிராமம். திருச்சியில் இறங்கிப் பஸ் பிடிக்கச் சொன்னேன்.

பேச்சுக்காகப் பாட்டியிடம் கேட்டேன்: "ரொம்ப வருஷம் கழிச்சு சொந்த ஊருக்குப் போறீங்க போல."

அந்த அம்மாள் என்னை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சொந்த ஊருக்கா? சொந்த ஊர விட்டுட்டுத்தான் தம்பி வாறோம்."

அவர் பிறந்தது அட்டனுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில். அவர் தாயாரும் அங்கேதான் பிறந்தாராம். துறையூர் என்பது அவருடைய பாட்டன் சொன்ன பேர், அவ்வளவுதான். இறங்கும்போது என் அம்மா கையில் ஒரு காகிதப் பொட்டலம் தேயிலையைத் திணித்தார். நாங்கள் காப்பி வீடு. அம்மா அதைப் பல நாள் தூக்கிப் போடவும் இல்லை, டீ போடவும் இல்லை. அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்தது.

1984இல் கப்பல் நிற்கும்வரை இருபது ஆண்டுகளில் இப்படி வந்தவர்கள், வந்த பிறகு கணக்கில் சேர்ந்த குழந்தைகளையும் சேர்த்துச் சுமார் நாலரை லட்சம் பேர். அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்லக் கூடாது. நீலகிரியில் அவர்களுக்காகவே 1968இல் அரசுத் தேயிலைத் திட்டம் தொடங்கியது. அதுதான் பிறகு டான்டீ ஆயிற்று. கன்னியாகுமரி ரப்பர் தோட்டம், கர்நாடகத்தில் சுள்ளியா, அந்தமான் பக்கம் கச்சால் தீவு வரை அனுப்பினார்கள். நூற்பாலைகளில் வேலை தந்தார்கள். பலருக்கு வியாபாரக் கடன் தந்தார்கள். ரெப்கோ வங்கி பிறந்ததும் இந்தத் தேவையில்தான். ஆனால் வாழ்நாள் முழுக்கக் கொழுந்து பறித்தவருக்குச் சமவெளிக் கிராமத்தில் என்ன வியாபாரம் தெரியும்? கடன் பணம் தரகரிடமும் தூரத்துச் சொந்தத்திடமும் போயிற்று. பலர் மறுபடி மலையைத் தேடிப் போனார்கள். கொடைக்கானல் மலையில் மரம் வெட்டும் கொத்தடிமைகளாகச் சிலர் சிக்கி, 1980களில் மீட்கப்பட்டார்கள். அங்கே 'இந்தியாக்காரன்' என்று சொன்னவர்களை இங்கே 'சிலோன்காரன்' என்று கூப்பிட்டார்கள்.

டான்டீயில் சேர்ந்தவர்களுக்கும் பழைய கேள்வி விடவில்லை. வேலை இருக்கும்வரைதான் லயத்து வீடு. 2022இல் டான்டீ நிலத்தில் இரண்டாயிரம் ஹெக்டேருக்கு மேல் வனத்துறைக்குத் திருப்பித் தர முடிவானபோது, ஓய்வு பெற்றவர்கள் வீட்டைக் காலி செய்துவிட்டு எங்கே போவது என்ற கேள்வி எழுந்தது. ஐம்பது வருடம் குடியிருந்த வீடு.

இலங்கையில் என்ன ஆயிற்று? கப்பல் நின்றுபோனதால், இந்தியக் குடியுரிமை எழுதிக் கொடுத்தும் வர முடியாமல் பல ஆயிரம் பேர் தோட்டங்களிலேயே இருந்தார்கள். கையில் இந்தியப் பாஸ்போர்ட், வாழ்வது இலங்கையில். 1986லும் 1988லும் சில சட்டங்கள் வந்து பலருக்குக் குடியுரிமை கிடைத்தது. கடைசியில் 2003 அக்டோபரில் இலங்கை நாடாளுமன்றம் ஒருமனதாக ஒரு சட்டம் போட்டது. 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வசிக்கும் இந்திய வம்சாவளியினரும் அவர்கள் சந்ததியினரும் இலங்கைக் குடிமக்கள். தாத்தாவின் சான்றிதழ் வேண்டாம், ஒரு உறுதிமொழிப் பத்திரம் போதும். ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் துணையோடு அந்த ஆண்டு முடிவில் பத்து நாள் முகாம் நடத்தி 1,90,000 பேருக்குக் குடியுரிமை கொடுத்தார்கள்.

அந்தத் தேதியைக் கவனித்தீர்களா? எந்த நாளில் அவர்களைப் பங்கு போட்டார்களோ, அதே நாளை அவர்கள் குடியிருப்புக்கு அளவுகோலாக வைத்தார்கள். ஐம்பது வருடம் ஆட்டி வைத்த ஒரு பிரச்சினை பத்து நாளில் தீர்ந்தது. வசித்ததே போதும், தாள் இரண்டாம்பட்சம் என்று முடிவு செய்தார்கள், அவ்வளவுதான் நடந்தது.

இதற்குள் மண்டபம் முகாம் மூன்றாவது முறையாகத் திறந்தாயிற்று. 1983க்குப் பிறகு படகில் வந்தவர்களில் மலையகத் தமிழர்களும் கணிசமாக உண்டு. 1977 கலவரத்தில் மலையை விட்டு வவுனியா பக்கம் ஓடி, அங்கேயும் போர் வந்து, இங்கே வந்தவர்கள். இவர்களுடைய தாத்தா நம் திருச்சிக்காரர்தான். ஆனால் சட்டப்படி இவர்கள் அகதிகள். இலங்கை கதவைத் திறந்த அதே 2003ஆம் ஆண்டின் பெயரில் நம் குடியுரிமைச் சட்டத்தில் ஒரு திருத்தம் வந்தது: உரிய ஆவணம் இல்லாமல் வந்தவர் 'சட்டவிரோதக் குடியேறி', எத்தனை வருடம் இருந்தாலும் பதிவு செய்து குடிமகனாக முடியாது. 2019 திருத்தம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் மூன்றையும் சொன்னது, இலங்கையைச் சொல்லவில்லை. அதே 2019 ஜூனில் மதுரை உயர்நீதிமன்றக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், முகாம்களில் இருந்த இந்திய வம்சாவளி மனுதாரர்கள் 65 பேர் வழக்கில், அவர்களுடைய விண்ணப்பங்களைப் பரிசீலிக்க வேண்டும் என்று உத்தரவிட்டார். 1987 ஜூலை 1க்கு முன்பு இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன் என்று நம் சட்டம் சொல்கிறது. அதற்கு அடுத்த நாள் பிறந்த தம்பிக்கு அது கிடையாது.

தமிழ்நாட்டில் நூற்றுக்கு மேற்பட்ட முகாம்களில் ஏறக்குறைய 58,000 பேர் இருக்கிறார்கள். 2021இல் முதலமைச்சர் ஸ்டாலின் 'அகதிகள் முகாம்' என்ற பெயரை 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று மாற்றினார். புது வீடுகள் கட்டிக் கொடுத்தார்கள். நல்ல காரியம். 2025 செப்டம்பரில் மத்திய அரசு, 2015 ஜனவரி 9க்குள் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்கு, பாஸ்போர்ட் இல்லை என்பதற்கான தண்டனையிலிருந்து விலக்குத் தந்தது. அதுவும் நல்லதுதான். ஆனால் விலக்கு என்பது தண்டிக்க மாட்டோம் என்று சொல்வது. நீயும் எங்களில் ஒருவர் என்று சொல்வதற்கு இன்னும் ஒரு படி ஏற வேண்டும்.

நண்பரின் மகனையும் இவர்களையும் ஒரே தட்டில் வைக்க நான் விரும்பவில்லை. அவன் படித்துவிட்டுத் தானாகப் போனவன். திரும்பி வந்தால் இங்கே வீடு இருக்கிறது, பாஸ்போர்ட் இருக்கிறது, ஆழ்வார்பேட்டையில் ஒரு ஃபிளாட்டும் இருக்கிறது. ஆனாலும் அவர் கேட்கிற கேள்வி அதே கேள்விதான். அமெரிக்காவிடம் நாம் கேட்பது என்ன? இத்தனை வருடம் இருந்தான், உழைத்தான், வரி கட்டினான், பிள்ளை பெற்றான், இதை ஒரு கணக்காக எடுத்துக்கொள் என்றுதானே? அதையே நம் ஊர் முகாமில் நாற்பது வருடமாக இருக்கிறவர் நம்மிடம் கேட்கும்போது, பூங்கா பெஞ்சில் நாம் கொஞ்சம் மௌனமாகிவிடுகிறோம்.

இதையெல்லாம் மறுநாள் காலை நடையில் நண்பரிடம் சொல்லி முடித்தேன். இரண்டு சுற்று பேசாமல் நடந்தார். பிறகு கேட்டார்:

"அந்தப் பாட்டி துறையூர்ல யாரைப் பார்த்திருப்பா சார்?"

"யாரும் இல்லைன்னுதான் அவங்க மகன் ரயில்லயே சொன்னார். கார்டுல ஒரு ஊர் பேர் எழுதணுமேன்னு அதை எழுதினாங்களாம்" என்றேன்.